குழாயில் முதலில் வாய் வைத்தவள்

பெயர் சிலுவையம்மாள், வயது 28, கணவர் பெயர் அருள்பிரகாசம், வசிப்பது ராயபுரம் கடலோரக் குப்பம். 1951-ம் வருஷம் மே மாதம் ஸ்டேஷனில் விசாரித்தபோது சொன்னது:

நான் துறைமுகத்தை அடுத்த தனியார் கரிக்கிடங்கில் கூடை தூக்குகிறேன். என் கணவர் அங்கேயே லாரிக்குக் கரி ஏற்றுகிறார், தொழிலாளர் சங்கச் செயலாளராகவும் இருக்கிறார். கிடங்கிலுள்ள குழாய் ஆபீஸ்காரர்களுக்கு மட்டும். கூடைப் பெண்கள் குனிந்து கையேந்த வேண்டும், வாட்ச்மேன் தவசிமுத்து தகரக் குவளையால் உயர இருந்து ஊற்றுவார். மனுஷரை மனுஷர் இப்படி நடத்துவது அநியாயம் என்று என் கணவர் கூட்டம் போட்டுப் பேசுவார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எல்லோரும் கைதட்டிவிட்டு மறுநாளும் போய்க் கையேந்துவோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் மதியம் குழாயிலேயே குடிப்பது என்று சங்கத்தில் முடிவானது. முதலில் போகிறவள் என்று என் கணவர் திருவொற்றியூர் மங்கையின் பெயரைச் சொன்னார். மங்கை என்னோடு கூடை தூக்குகிறவள். வீட்டுக்கு வந்த பிறகு, நான் போகக்கூடாதா என்று கேட்டேன். "மங்கைக்குக் கீற தெகிரியம் உனுக்கு ஏது? நீ பின்னாடி வா" என்றார். நான் வைத்த மீன்குழம்பைத் தின்றுகொண்டே சொன்னார்.

மறுநாள் மதியம் சங்கு ஊதியதும் மங்கை குழாயை நோக்கி நடந்தாள். நான் ஓடிப்போய் அவளை இடித்துத் தள்ளிவிட்டு முதலில் வாய் வைத்துக் குடித்தேன். "இன்னாக்கா, நானும் குடிக்கணும், கொஞ்சம் நவுரு" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு அவள் குடிக்கும்போது தவசிமுத்து ஓடிவந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். அவளை அடிப்பதென்றால் நான் அடிப்பேன், இவர் யார்? கூடையை ஓங்கி அவர் நெற்றியில் அடித்தேன். ரத்தம் வந்தது. என் கணவர் தள்ளி நின்று, அமைதி அமைதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மங்கை அடித்ததாகக் கம்பெனிப் புகாரில் இருக்கிறது என்றும், நானும் அப்படியே சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்றும் கிடங்கு மேஸ்திரி வந்து சொன்னார். சொல்லமாட்டேன். அவள் ஜெயிலுக்குப் போய்த் திரும்பினால் என் கணவர் மாலையோடு ஜெயில் வாசலில் நிற்பார்.

மங்கையும் தானே அடித்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று இப்போது ரைட்டர் ஐயா சொல்கிறார். இதிலும் என்னை முந்தப் பார்க்கிறாள். அது பொய். அடித்தது நான்.

எனக்கு இதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் எழுதியிருக்கிறது, சொன்னதெல்லாம் நிஜம்.

சிலுவையம்மாள், இடது பெருவிரல் ரேகை.