ராஜி மனுவில் இருக்கும் ரேகை

1935-ம் வருஷம் ஜூலை மாதம் 24-ந் தேதி புதன்கிழமை, கொல்லம் 1110 ஆடி மாதம் 8-ந் தேதி, பகல் பதினொரு மணிக்குத் தென்காசி சப் மாஜிஸ்திரேட் முன்பு குற்றம் சாட்டப்பட்ட எதிரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. போலீசார் வெளியே அனுப்பப்பட்டனர். சொல்வது அவளுக்கு விரோதமாகவே திரும்பலாம் என்று எச்சரிக்கப்பட்டது. தெரிந்தே சொல்வதாகச் சொன்னாள்.

என் பெயர் கல்யாணசுந்தரி. வயது 29. தகப்பனார் பெயர் பால்வண்ணநாத பிள்ளை. இருப்பு தென்காசி கீழமாசி வீதி. தொழில், பெண்கள் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நான்காம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுதவும் படிக்கவும் தெரியும். புருஷன் பெயர் என்ன என்று கேட்டதற்கு, அதைச் சரியாக எழுதத்தான் மூன்று மாதம் அலைந்தேன், பின்னால் வரும் என்று சொல்கிறேன்.

என் மகள் மங்களேஸ்வரியை, வயது 9, கடந்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் இருந்து நான் கடத்திக்கொண்டு போனதாகப் பிராது. கூட்டிக்கொண்டு வந்தது உண்மை. கடத்தவில்லை. பெற்றவள் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவதற்கு வேறு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

1923-ம் வருஷம் என்னைத் தாணுமாலயன் பிள்ளை என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் நாஞ்சில்நாட்டுக்காரர். புளியறையில் திருவிதாங்கூர் சுங்கச் சாவடியில் குமாஸ்தா வேலை. நானும் புளியறையில்தான் எட்டு வருஷம் குடியிருந்தேன். கல்யாணமான மறுவருஷம் பலாக்காய் அரியும்போது அரிவாள்மணை பட்டு என் இடதுகைப் பெருவிரல் நுனிச் சதை குறுக்கே பிளந்துவிட்டது. அவர் தன் வேட்டி ஓரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டார், பத்து நாள் அவரே அவிழ்த்துக் கட்டினார். எட்டு வருஷத்தில் அவர் செய்ததில் நான் குறை சொல்ல முடியாதது அது ஒன்றுதான். அதன் பிறகு குழந்தை பிறந்தது. அதன் பிறகு 1931-ல் அவர் வேறொரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்ததால் நான் குழந்தையோடு தென்காசிக்கு வந்துவிட்டேன். மறுவருஷம் பள்ளிக்கூட வேலை கிடைத்தது.

அதன் பிறகு எங்கள் கல்யாணத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்று அவர் எல்லைக்கு அந்தப் பக்கத்து முன்சீப் கோர்ட்டில் மனுக் கொடுத்தார். திருவிதாங்கூரில் அவர்கள் ஜனங்களுக்கு அப்படி ஒரு சட்டம் உண்டு. சம்மன் வந்து, அவர்கள் கொல்லம் கணக்கில் 1108 தை மாதம் 7-ந் தேதி, இங்கிலீஷுக்கு 1933 ஜனவரி 20, நானும் என் தகப்பனாரும் போனோம். நீதிபதி என்னை இரண்டு கேள்விதான் கேட்டார். சம்மதமா என்றார். சம்மதம், ஆனால் பிள்ளை என்னிடம்தான் இருக்க வேண்டும் என்றேன். எதிரில் நின்றவரைப் பார்த்து உமக்கு ஆட்சேபணை உண்டா என்றார். இல்லை என்று அவர் வாயால் சொன்னார். நான் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டினார்கள், அதன் அடியில் முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து, தாலியை என் தகப்பனார் கையில் கொடுத்தேன், அவர் அதை எதிர்த் தரப்பாரிடம் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முன்னால் தாலி கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் காகிதம் கேட்பதில்லை.

கேட்டதற்குச் சொல்வது: ஆம், அன்று தீர்ப்பு நகல் வாங்கவில்லை. கோர்ட்டில் எல்லார் முன்னாலும் சொன்னது சொன்னதுதான் என்று நினைத்தேன். என்னைவிடப் பைத்தியக்காரி இந்தத் தாலுகாவில் இல்லை.

அதன் பிறகு இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வருஷம் ஏப்ரல் மாதம் பள்ளிக்கூடம் அடைக்கிற அன்று அவர் வந்து, தன் தாயாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொன்னதால் அனுப்பினேன். நாலு நாளில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். இருபது நாள் கழித்து நானே புளியறைக்குப் போனேன். அவர் தாயார் வாசலில் உட்கார்ந்து நெல் புடைத்துக்கொண்டிருந்தார், உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆவணியில் பிள்ளையைத் தன் அக்காள் மகனுக்குக் கட்டப்போவதாகத் தாணுமாலயன் பிள்ளை சொன்னார். பையனுக்கு வயது இருபத்திரண்டு. இந்தப் பக்கத்தில் பதினாலு வயதுக்கு முன்னால் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் தண்டனை உண்டு. அந்தப் பக்கத்தில் அந்தச் சட்டம் இல்லை என்கிறார்கள். நடுவில் இருப்பது ஒரு சாவடியும் ஒரு மூங்கில் கம்பும்தான்.

பிள்ளை என்னிடம் இருக்கக் கோர்ட்டில் சொல்லியிருக்கிறதே என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், "அதுக்கு உனக்க கையில பேப்பர் இருக்கா?" என்றார்.

அதன் பிறகு தென்காசி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த ஏட்டும் அதையேதான் கேட்டார். "நீங்க சொல்லுதது நெசமாவே இருக்கட்டும். கோர்ட்டு நகல் இல்லாம நாங்க அங்கன போயி என்ன பேசுதது?" என்றார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஒரு பானை காணாமல் போயிருந்தால்கூட யார் பானை என்று கேட்கத்தான் செய்வார்கள்.

அதன் பிறகு மேற்படி கோர்ட்டுக்குப் போனேன். முதல் மனுவை நானே எழுதினேன். 1933-ம் வருஷம் ஜனவரி என்று போட்டு, இந்தப் பக்கத்து ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தேன். இங்கே இங்கிலீஷ் வருஷம் செல்லாது, பிரிட்டிஷ் ஸ்டாம்பும் செல்லாது என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். அதைச் சொல்ல எட்டு நாள் ஆயிற்று. இரண்டாவது மனுவில் கொல்லம் ஆண்டு போட்டு, அவர்கள் ஸ்டாம்பு வாங்கி ஒட்டி, தாணுமாலயன் பிள்ளை, தகப்பனார் பெயர் ஆறுமுகம் பிள்ளை, என்று சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். இருபத்தாறு நாள் கழித்து, மேற்படி பெயருள்ள ஆள் தாக்கல் செய்த விவாக வழக்கு எதுவும் பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தது.

அதை வாசித்துவிட்டுக் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருஷம் சமைத்துப் போட்டு, ஒரு பிள்ளை பெற்று, கோர்ட்டு ஏறித் தீர்த்துக்கொண்டது எதுவுமே நடக்கவில்லை என்று முத்திரை போட்டுக் கொடுத்தால் மனுஷிக்கு எப்படி இருக்கும் என்பதை எழுதிக்கொள்ள வேண்டியதில்லை என்றால் விட்டுவிடலாம்.

அந்த வராந்தாவில் மனு எழுதிக்கொடுக்கிறவர் சேக் தாவூது என்பவர். அவர் என் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அவுக நாஞ்சில்நாட்டு ஆளுகளாச்சே. தாய்மாமன் பேரு என்ன?" என்றார். மாமன் பெயர் எதற்கு என்றேன். "அங்கன சொத்து மாமன் வழிதானம்மா. அப்பன் பேரச் சொன்னா ஆளே தெரியாது. இன்னார் அனந்திரவன்னுதான் பழைய குமாஸ்தாக்க இன்னமும் எழுதுதாங்க. தென்காசிப் பொம்பளைக எல்லாரும் இதே தப்பத்தான் செய்தீங்க" என்றார். அனந்திரவன் என்றால் மருமகன், அக்காள் தங்கை மகன். அவர் மாமன் தில்லைநாயகம் பிள்ளை. அந்த மனிதர் எங்கள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அவர் பெயரைப் போட்டு மூன்றாவது மனுவைச் சேக் தாவூது எழுதினார். தீர்ப்பு மட்டும் கேட்காதீங்க, வழக்குக் கட்டில் இருக்கிற எல்லாக் காகிதத்துக்கும் நகல் கேளுங்க என்று அவர்தான் சொன்னார். அந்தப் புத்தி எனக்கு இல்லை.

இந்த ஜூலை மாதம் 16-ந் தேதி செவ்வாய்க்கிழமை நகல் கிடைத்தது. சிவப்பு முத்திரையைப் பார்த்ததும் அழுதேன், சந்தோஷத்தில்தான். உடனே புளியறைக்குப் போய் அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று இருந்தது. அதன் பிறகு வாசித்தேன்.

தை மாதம் 7-ந் தேதி நான் சொன்னதும் என் கையெழுத்தும் அதில் இருந்தது. அதற்கு அடுத்து, இரு தரப்பும் சமாதானமாகிவிட்டதாகத் தை மாதம் 25-ந் தேதியிட்ட ராஜி மனு ஒன்று இருந்தது. பெண் குழந்தையை மனுதாரர் வசம் ஒப்புவிக்க எதிர்மனுதாரருக்குப் பூர்ண சம்மதம் என்றும், இனி எந்தக் காலத்திலும் உரிமை கோருவதில்லை என்றும் எழுதி, அடியில் 'எதிர்மனுதாரர் கல்யாணசுந்தரி, இடதுகைப் பெருவிரல் ரேகை' என்று கண்டிருந்தது. தீர்ப்பும் அந்த ராஜிப்படியேதான். பிள்ளையை மீட்க மூன்று மாதம் தேடிய காகிதம், பிள்ளை என்னுடையது இல்லை என்கிற காகிதம்.

சேக் தாவூது அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "ஒங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே, நீங்க எதுக்கு ரேகை வைக்கணும்?" என்றார். அதன் பிறகு அசலைப் பார்க்க வேண்டும் என்று நாலாவதாக ஒரு மனு எழுதினார். அன்று மாலையே ரிக்கார்டு அறைக் குமாஸ்தா கட்டை அவிழ்த்து, என்னைத் தொடவிடாமல், தன் கையில் பிடித்தபடி காட்டினார். ரேகை தெளிவாக, முழுசாக இருந்தது. வளையம் வளையமாகக் கோடுகள் ஒன்றுகூட அறுபடாமல் இருந்தன. குறுக்கே தழும்பு இல்லை. என் விரலைத் தூக்கிக் காட்டினேன். குமாஸ்தா விரலையும் காகிதத்தையும் பார்த்துவிட்டுக் கட்டைக் கட்டிவிட்டார்.

அது யார் விரல் என்று எனக்குத் தெரியாது. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. யாரோ ஒரு பெண்ணைக் கூட்டிப் போய் நான் என்று நிறுத்தியிருக்கிறார். பத்து நாள் இந்த விரலுக்குக் கட்டுப் போட்டவர், இதில் தழும்பு இருக்கிறது என்பதை மறந்துவிட்டார். பிள்ளையைத் திருடியதைவிட எனக்கு அதில்தான் நெஞ்சு எரிந்தது, அது தப்பாக இருந்தாலும் அப்படித்தான் இருந்தது. மேலும், தை மாதம் 25 என்பது 1933 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. அன்று காலையும் மாலையும் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தலைமையாசிரியை பார்வதியம்மாள் கொண்டுவந்து காட்டுவார்.

கேட்டதற்குச் சொல்வது: ராஜியை ரத்து செய்ய மனுப் போடலாம் என்று சேக் தாவூது சொன்னார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். சீக்கிரம் என்றால் ஒரு வருஷம் என்றார். ஆவணி பிறக்க ஒரு மாதம்கூட இல்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் தையல் படிக்கிற ஒரு பிள்ளையின் தாயார் வந்து, உங்க மக குத்தாலத்துல குளிக்க வந்திருக்கா என்று சொன்னார். பஸ்ஸில் போனேன். நல்ல சாரல், பேரருவியில் கூட்டம். ஆண்கள் பக்கம் அவர் குளித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் பாறை ஓரமாக என் மகள் தலையில் எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன். ஓடிவருவாள் என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்று, "நீ என்னைய எழுதிக் குடுத்துட்டியாமே?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அப்பா காகிதம் காட்டினார், தானே எழுத்துக் கூட்டி வாசித்ததாகச் சொன்னாள். நான்தான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். அதன் பிறகு, "ஒனக்குத்தான் பேரு எழுதத் தெரியுமேம்மா. என்னைய குடுக்க வெக்கப்பட்டுட்டுத்தான் கைநாட்டு வச்சியா?" என்று கேட்டாள். அருவிச் சத்தத்தில் ரேகை, தழும்பு, ராஜி என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்வது. கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். ஈரப் பாவாடையோடு பஸ் ஏறினோம். சீட்டு நனைகிறது என்று கண்டக்டர் சத்தம் போட்டதால் தென்காசி வரை மடியில் வைத்துக்கொண்டேன். இதுதான் நான் செய்த கடத்தல்.

வீட்டில் சோறு போட்டேன். பாதி சாப்பிட்டிருக்கும்போது ஏட்டும் இரண்டு போலீசாரும் அவரோடு வந்தார்கள். அவர் கையில் அவர் வாங்கி வைத்திருந்த ராஜித் தீர்ப்பு நகல் இருந்தது. முன்னால் என்னிடம் காகிதம் கேட்ட அதே ஏட்டு அதை வாசித்துவிட்டு, "பேப்பர் அவுக பக்கம்லா இருக்கு" என்றார். பிள்ளையை அவர் வசம் விட்டார்கள். அவள் கை கழுவக்கூட இல்லை.

பிள்ளையைக் கூட்டிவந்த குற்றத்துக்கு என்ன தண்டனை உண்டோ கொடுக்கட்டும். நான் கேட்பது இரண்டு. கையெழுத்துத் தெரிந்தவள் என்பதால் இன்றுவரை என் ரேகையை யாரும் எடுத்ததில்லை. இன்று எடுக்க வேண்டும். மேற்படி கோர்ட்டில் இருக்கும் அசலை வரவழைத்து, சென்னையில் ரேகை பார்க்கிற ஆபீசுக்கு இரண்டையும் அனுப்பி ஒத்துப்பார்க்க வேண்டும். பதில் வரும்வரை ஆவணிக் கல்யாணத்தைத் தடுக்க இந்தக் கோர்ட்டுக்கு எல்லை தாண்டி அதிகாரம் இல்லை என்று இப்போது சொல்லப்பட்டது. கேட்டுக்கொண்டேன். இரண்டாவது, இந்த வாக்குமூலத்துக்கு ஒரு நகல் எனக்கு வேண்டும். இந்தத் தடவை மறக்கமாட்டேன். என் மகள் என்றைக்காவது கேட்டால் அவள் கையிலேயே கொடுப்பேன், வாசித்துக்கொள்வாள்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கல்யாணசுந்தரி

மேற்படி எதிரி கையெழுத்திட்ட பின், அவள் கேட்டுக்கொண்டதன் பேரில் இடதுகைப் பெருவிரல் ரேகையும் என் முன்பு எடுக்கப்பட்டது. ரேகையின் நடுவில் குறுக்கே மை படாத வெள்ளைக் கோடு ஒன்று காண்கிறது. சந்தேகம் வராதிருக்க இரண்டாம் முறையும் எடுக்கப்பட்டது. அதிலும் காண்கிறது.

சப் மாஜிஸ்திரேட்
தென்காசி