கலசம் ஏன் ஆடியது

“ரைஃபிள் சுட்டு எந்தக் கோட்டையப் புடிக்கப் போற?” என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அங்கே மாணவர் படை முகாமில் குறி தவறாமல் சுட்டவளும் நான்தான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள்.

“ரைஃபிள்ல மாட்டுற புது ஸ்கோப்ல மொட்ட மாடியிலேருந்து கோபுரக் கலசத்தப் பாத்தேன் மச்சான். கிட்டக்கத் தெரியுது. ஆனா ஆடிக்கிட்டே இருக்கு.”

“கலசமா ஆடுது? நீ மூச்சு வுடுற.”

“அதுக்கு?”

“ஜூம் ஜாஸ்தியானா ஆட்டமும் ஜாஸ்தியாத் தெரியும். தூரத்துக்குச் சுட ஆரம்பிக்கிறவனுக்குச் சின்ன ஸ்கோப்பே போதும். மொதல்ல கிளப் ரைஃபிள்ல படுத்துச் சுட்டுப் பழகு. சொந்த ரைஃபிள் அப்பறம் வாங்கலாம்.”

நானும் ஒரு கடையில் பெரிய ஸ்கோப்தான் கேட்டு வைத்திருந்தேன். வேண்டாமென்று கடைக்குச் செய்தி அனுப்பினேன். சிதம்பரத்தில் இறங்கியதும் நேரே ரைஃபிள் கிளப்புக்குப் போய், பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.