அப்பா தோண்டின ஊரெல்லாம்

ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தாராம் சார். ஒரு ஊர்லன்னு சொல்றதே தப்பு, ஊர் ஊரா இருந்தாராம். எங்க வீட்டுக் கதையை வேற எப்படி ஆரம்பிக்கிறது, நீங்களே சொல்லுங்க. பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு கஷ்டப்படாதீங்க, கீழ வைங்க. யாரும் தூக்கிட்டு ஓட மாட்டாங்க. ஓடணும்னாலும் கதவு திறந்தாத்தானே.

இல்ல, இது எங்க ஸ்டேஷன் இல்ல. நான் சொல்றேன், அப்போ எழுந்தா போதும். ஏர்போர்ட்லேர்ந்து டாக்ஸியில கூட்டிட்டு வந்திருந்தா இதுக்குள்ள வீட்ல உக்கார்ந்து காபி குடிச்சிருக்கலாம்தான். என்ன பண்றது, அப்பாவோட உத்தரவு. வர்றவர் சுரங்கக் கம்பெனி ஆளு, நான் தோண்டின வழியிலதான் வரணும்னுட்டாரு. எனக்கு வரப்போற மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது சார்.

அந்தப் பத்திரிகையை இன்னொரு தடவை காட்டுங்களேன். பிளேன் பூரா இதைத்தான் படிச்சிட்டு வந்தீங்களா? பக்கத்து சீட்காரர் பாவம். இந்த வருஷம் உலகம் பூரா ரயில்ல என்னென்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம போட்டிருக்காங்க. கடலுக்கு அடியில ஒரு லைன். பாலைவனத்துல ஒரு லைன், டிரைவரே கிடையாது, நம்ம வண்டி மாதிரி. ஒரு ஊர்ல ராத்திரி வண்டி திரும்ப வந்திருக்காம், இங்க படுத்தா அடுத்த நாட்ல எழுந்துக்கலாம். இன்னொரு ஊர்ல மேல கம்பியே இல்லாம டிராம் ஓடுதாம். வேற ஒரு நாட்ல ஒரே பாஸ், மாசம் பூரா எந்த வண்டியில வேணும்னாலும் ஏறிக்கலாம். அந்த ஊர்க்காரங்க வீடு தங்குவாங்களான்னுதான் எனக்குச் சந்தேகம்.

நீங்க இதை உலகச் செய்தின்னு படிக்கிறீங்க. எங்களுக்கு இது குடும்ப ஆல்பம். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். இதோ பாருங்க, இந்தக் கடலுக்கடி லைன். ஜனங்க கை தட்டிட்டே ஏறுறாங்கல்ல. அதை அப்பா தோண்டினப்போ நான் எட்டாவது. எனக்குக் கை உடைஞ்சு, கட்டுப் போட்டு, கட்டுப் பிரிச்ச அப்புறம்தான் வந்தாரு. வந்ததும் எந்தக் கைம்மான்னு கேட்டாரு. எனக்குக் கோவம். வேணும்னே உடையாத கையைக் காட்டினேன். அதைத் தடவித் தடவிக் கொடுத்துட்டு திரும்பிப் போயிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது, நீங்க போய் வத்தி வெச்சிடாதீங்க.

பாலைவன லைன் வந்து எங்க அத்தை கல்யாணம். அப்பாவோட ஒரே தங்கச்சி. குடும்ப போட்டோவுல எல்லாரும் பல்லைக் காட்டிட்டு நிக்கிறாங்க, அம்மா பக்கத்துல மட்டும் ஒரு ஆள் அளவுக்கு இடம் காலியா இருக்கும். நெருங்கி நில்லுங்கன்னு போட்டோக்காரர் கத்தியும் அம்மா நகரலையாம். மூணாவது, அடுத்த பக்கத்துல இருக்கிற இந்த மலையூர் லைன், அது என் காலேஜ். அதை விடுங்க.

அதுதான் சார், தோண்டினது அப்போ, திறக்கிறது இப்போ. உங்களுக்குத் தெரியாததா. தோண்டி முடிச்சதும் தண்டவாளம் போடணும், கரெண்ட் இழுக்கணும், ஆளில்லாம ஓட்டிப் பார்க்கணும். அதுக்குள்ள அப்பாவை நீங்க வேற ஊர்ல இறக்கிடுவீங்க. வருஷக்கணக்கா சமைச்சாரு மனுஷன், ஒரு இடத்துலயும் உக்கார்ந்து சாப்பிட்டதில்ல. உலகம் பூரா ரயிலுக்கு வழி விட்டவர், நம்ம ஊர் வண்டியைத் தவிர அந்த ரயில் ஒண்ணுலயும் ஏறினதில்ல.

அம்மாவா? அம்மா அழுவாங்கன்னு நினைச்சீங்களா. அவங்க வேற ரகம். இந்தத் தோண்டுற மெஷினுக்கெல்லாம் பொம்பளைப் பேர் வைப்பீங்கல்ல, பேர் வெச்சாத்தான் கீழ இறக்குவீங்களாமே. அம்மா அதுங்களைச் சக்களத்தின்னுதான் சொல்லுவாங்க. ஒரு தடவை அப்பா போன்ல, இன்னிக்கு அவ ரொம்ப முரண்டு பிடிச்சா, காலையிலேர்ந்து நகரவே இல்ல, தண்ணி ஊத்தித்தான் வழிக்குக் கொண்டு வந்தேன்னாரு. அம்மாவும் ஸ்பீக்கர்ல போட்டுட்டு, அவளை விட்டுட்டு வாங்க, இங்க ஒருத்தி காத்துட்டு இருக்கேன்னாங்க. எதிர்வீட்டு அக்கா காதுல விழுந்துடுச்சு. அன்னிக்கே ஒரு கூடைப் பழத்தோட வந்து அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ஆறுதல் சொல்றாங்க. அம்மா ஒண்ணும் விளக்கம் சொல்லலையே. பழம் தீர்ற வரைக்கும் முகத்தைத் தொங்கப் போட்டுட்டு இருந்தாங்க.

இல்ல சார், இதுவும் இல்ல. உங்களுக்கு எல்லா ஸ்டேஷனும் ஒரே மாதிரி தெரியுதா? அப்பாவுக்கு அப்படித்தான். அவருக்கு ஸ்டேஷன் பேரே வாயில வராது. சுரங்கத்துக்குள்ள கான்கிரீட் வளையம் வளையமா வெச்சிட்டே போவீங்கல்ல, அந்த நம்பரைத்தான் சொல்லுவாரு. இந்த லைன் திறந்த அன்னிக்குக் கேளுங்களேன். மூணு பேரும் ஏறணும்னு ஏற்பாடு. அம்மா புதுச் செருப்பெல்லாம் போட்டுட்டு கிளம்பிட்டாங்க. அப்பா முன்னாடியே போயிட்டாரு, வாசல்ல நிக்கிறேன், வந்துடுங்கன்னு. நாங்க ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறோம், நிக்கிறோம், ஆளைக் காணோம். போன் பண்ணினா, நான் வாசல்லதான் இருக்கேன், நீங்க எங்கங்கறாரு. கடைசியில பார்த்தா ரெண்டு தெரு தள்ளி ஒரு பூங்காவுல, ரோஜாப் பாத்தி பக்கத்துல நிக்கிறாரு. அங்கதான் அந்தக் காலத்துல அவர் உள்ள இறங்கின குழி இருந்துச்சாம். மூடிட்டாங்க, மண்ணைப் போட்டு செடி நட்டுட்டாங்க. அவரைப் பொறுத்தவரைக்கும் அதுதான் வாசல். தோட்டக்காரர் வேற பக்கத்துல நின்னு முறைச்சிட்டு இருக்காரு, பூப் பறிக்க வந்த ஆளுன்னு.

அப்புறம் ஏறினோம். ஏறினதும் கண்ணாடியில கையை வெச்சாரு, எடுக்கவே இல்ல. இப்போ ஆத்துக்கு அடியில போறோம், இப்போ அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடியில, இங்கதான் பாறை வந்துச்சுன்னு தெரியாதவங்ககிட்டல்லாம் சொல்லிட்டே வந்தாரு. ஒரு பாட்டியம்மா, நல்லா இருங்கப்பா, ஆனா எனக்கு இறங்கணும், வழி விடுங்கன்னுச்சு.

எல்லாரும் இறங்குறாங்களா? இறங்கட்டும். கடைசி ஸ்டேஷன் இது, வண்டி இப்படியே திரும்பும். நீங்க உக்காருங்க சார். அவசரமா? அப்பா எங்கயும் ஓட மாட்டாரு, அதானே பிரச்சினை.

வீட்ல இருக்கிறதா? இந்த ஒரு வருஷமாத்தான். எப்படி இருக்காருன்னா, எங்க வீட்டுக் கதவு பக்கத்துல ஒரு பலகை மாட்டியிருக்காரு. உங்க சுரங்க வாசல்ல இருக்குமே, உள்ள போறவங்க ஆளுக்கு ஒரு பேர் போட்ட வில்லையை மாட்டிட்டுப் போகணும், வெளிய வந்தா எடுக்கணும், வில்லை தொங்கிட்டு இருந்தா ஒரு ஆள் இன்னும் கீழ இருக்கான்னு அர்த்தம். அதே மாதிரி, உள்ளன்னு ஒரு பக்கம், வெளியன்னு ஒரு பக்கம். எனக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. காய்கறி வாங்கப் போனாக்கூட அம்மா வில்லையை மாத்தி மாட்டணும். மறந்துட்டா கதவைப் பூட்ட விட மாட்டாரு. அம்மா நாள் பூரா திட்டுவாங்க. ஆனா அவர் திரும்பி வந்து பலகையை மாட்டின அன்னிக்கு, அவரோட வில்லையை மட்டும் அம்மாவே எடுத்து உள்பக்கம் மாட்டினாங்க. நான் பார்த்தேன். ஒண்ணுக்கு ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாங்க, ஆணி பலமா இருக்கான்னு.

சரி, உங்க புது வேலையைச் சொல்லுங்க. பெரிய மலையா? இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும் குடையணுமா, அடேயப்பா. பாறை எப்படி? கெட்டியா. தூசி நிறைய வருமோ. இல்ல, சும்மாத்தான் கேட்டேன். காத்தெல்லாம் உள்ள நல்லா அனுப்புவீங்களா? ம். எத்தனை வருஷம் ஆகும்? நீங்க சொல்ற கணக்கோட இன்னும் பாதியைச் சேர்த்துக்கணும், அது எங்க வீட்ல குழந்தைக்குக்கூடத் தெரியும். சம்பளம் நல்லாத்தான் தருவீங்க, அதைப் பத்தி பேச்சே இல்ல.

எங்க ஸ்டேஷனா? அது அப்பவே போயிடுச்சு சார். போகும்போதே தாண்டிட்டோம், ஆத்துக்கு அடியில போறதுக்கு முன்னாடியே வந்ததே. நீங்க அப்போ எதிர்வீட்டு அக்கா கதைக்குச் சிரிச்சிட்டு இருந்தீங்க. கோவமா? கோவப்படுங்க, நியாயம்தான். எந்திரிக்க வேணாம், திரும்பிப் போற வழியில மறுபடி வரும். இன்னும் நாலஞ்சு ஸ்டேஷன் இருக்கு. அது எனக்குப் போதும்.

நான் என்ன வேலைன்னு ஏர்போர்ட்ல கேட்டீங்க, ஆஸ்பத்திரின்னு சொன்னேன். எக்ஸ்ரே ரூம் சார். போன மாசம் அப்பாவை நான்தான் எடுத்தேன். சட்டையைக் கழட்டிட்டு, இத்தனை வருஷம் நான் பூமிக்குள்ள பார்த்தேன், இப்போ நீ எனக்குள்ள பாருன்னு ஜோக் அடிச்சாரு. மூச்சை இழுத்துப் பிடிங்கப்பான்னு சொன்னேன். எல்லாருக்கும் சொல்றதுதான். அவரால பிடிக்க முடியலை. திரும்ப எடுக்க வேண்டியதாப் போச்சு.

கல்தூசி சார். எந்த ஊர்ல, எந்த மெஷின்ல உள்ள போச்சோ, யார் கண்டா. உங்களைச் சொல்லலை. டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாரு, மேல இருந்தா மருந்து மாத்திரையோட நல்லா இருக்கலாம், இனிமே ஒரு நாள்கூடக் கீழ இறங்கக் கூடாதுன்னு. அப்பாவும் சரி சரின்னு தலையாட்டினாரு. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்னாரு. சொல்லலை. மறுநாள் உங்க கம்பெனிக்குப் போன் பண்ணிட்டாரு, நான் ரெடி, எந்த ஊரா இருந்தாலும் வரேன்னு.

ஏன்னா... எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். வீட்ல உக்கார்ந்து இருமினா அம்மாவுக்குக் கேட்கும். அங்க போய் இருமினா கேட்காது. அவருக்கு அவ்வளவுதான் கணக்கு.

உங்க கம்பெனி டாக்டர் கண்டுபிடிப்பாருன்னு தெரியும். கண்டுபிடிச்சு, அவர்கிட்ட வேலை கத்துக்கிட்ட பசங்க முன்னாடி பெட்டியைக் கையில கொடுத்துத் திருப்பி அனுப்பறதுக்கு, இங்கயே முடிஞ்சுட்டா நல்லது. நான் சொன்னா கேட்க மாட்டாரு. நான் அவருக்கு இன்னும் எட்டாவதுதான்.

பெரிய பொய்யெல்லாம் வேணாம் சார். மலைத் திட்டத்தைத் தள்ளிப் போட்டுட்டாங்கன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். உங்க பத்திரிகையில இந்த வருஷம் திறந்தது ரெண்டு பக்கம் போட்டிருக்காங்க, தள்ளிப் போனதை எழுதினா எத்தனை பக்கம் வரும்? அதோட இது ஒண்ணு. அவர் சந்தேகமே பட மாட்டாரு. குறிச்ச தேதிக்குத் திறந்த லைனை அவர் வாழ்க்கையில பார்த்ததே இல்ல. உங்க அரசாங்கத்தை நல்லா நாலு திட்டு திட்டுவாரு, நீங்களும் கூடச் சேர்ந்து திட்டுங்க, மனசு ஆறிடும். வேலை ஆரம்பிச்சா முதல் ஆளா உங்களைத்தான் கூப்பிடுவோம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது பொய்தான். இருந்துட்டுப் போகட்டும்.

இதோ, ஆறு வந்துடுச்சு. மேல தண்ணி ஓடுதுன்னு சொன்னா நம்ப முடியுதா. பெட்டியை எடுத்துக்கங்க. பார்த்து இறங்குங்க.

நான் வரலை சார், இந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்கார்றேன். நான் கூட வந்தா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாரு. ஆஸ்பத்திரியில திடீர்னு கூப்பிட்டாங்கன்னு சொல்லிடுங்க. மேல ஏறினதும் நேரா போங்க, மருந்துக் கடையை அடுத்து பச்சை கேட். எங்க வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உங்களைக் கூட்டிட்டுப் போக அப்பாவே கீழ வந்து நிப்பாரு. தெம்பா இருக்கேன்னு காட்டறதுக்கு ரெண்டு ரெண்டு படியா ஏறுவாரு பாருங்க. நீங்க பின்னாடியே ஓடாதீங்க. முதல் மாடியிலயே நின்னுடுங்க. முட்டி வலிக்குதுன்னு சொல்லுங்க. கொஞ்சம் உக்கார்ந்துட்டுப் போலாங்கன்னு சொல்லுங்க. இந்தக் காலத்துப் பசங்கன்னு கிண்டல் பண்ணிட்டே வந்து பக்கத்துல உக்காருவாரு. அவர் எழுந்த அப்புறம் எழுந்திரிங்க.

போங்க சார். இப்படியே நேரா போங்க.

சார், இங்கேயே நொண்ட வேணாம். அங்க போய் நொண்டினா போதும்.