பம்பு லீவரில் மாட்டியிருந்த கையுறை

மேடையில் வீற்றிருக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவர் தொஷிமா-சான் அவர்களே! முன் வரிசையில் கறுப்பு உடையில் அமர்ந்திருக்கும், கென்சாகு-சானின் துணைவியார் ஃபுமியே-சான் அவர்களே! ஒமோனோ ஆற்றங்கரையின் நாற்பத்து மூன்று வீடுகளிலிருந்தும் வந்து, பூட்ஸுகளை வாசலில் குவித்துவிட்டு, இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பனி அள்ளும் மாணவர் அணித் தோழர்களே! எல்லோருக்கும் கோஹாருவின் வணக்கம்.

எனக்கு மூன்று நிமிடம் தந்திருக்கிறார்கள். "நீ வாயாடி. எல்லாரும் அழுதுட்டு இருப்பாங்க, கொஞ்சம் சிரிக்க வச்சுட்டு இறங்கிடு" என்று தொஷிமா-சான் சொன்னார். சிரிக்க வைக்கத்தான் எழுதினேன். நேற்று அதைக் கிழித்துவிட்டேன். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நாம் வழியனுப்பும் சுகவாரா கென்சாகு அவர்கள் யார்? பனி விழுந்தால் பணிக்கு எழுந்தவர்! முப்பத்தொரு குளிர்காலம் நம் சங்கத்து லாரியை ஓட்டியவர்! தெருவில் குவிந்த பனியை ஏற்றிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் கொட்டாவிட்டால், உங்களில் யார் கதவைத் திறந்திருக்க முடியும்? எந்த ஆம்புலன்ஸ் உள்ளே வந்திருக்கும்?

அந்த லாரிக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு வயது. பனி ஏற்றும் தொட்டியைத் தூக்கும் இரும்புத் தண்டில் எண்ணெய் கசியும். அவர் அதைத் துடைப்பார், எண்ணெய் அளவைப் பார்ப்பார், கீல்களுக்கு கிரீஸ் வைப்பார். தூக்கிய தொட்டிக்கு இரும்புக் கட்டையை முட்டுக் கொடுக்காமல் அதன் அடியில் ஒரு விரலைக்கூட நீட்ட மாட்டார். பனி தொட்டியில் ஒட்டக்கூடாது என்று வீடு வீடாகப் போய்ப் பொரித்து மீந்த எண்ணெயை வாங்கி வந்து பூசுவார். லாரி போகும் தெருவெல்லாம் உருளைக்கிழங்கில் பொரிக்கும் கொரொக்கே மணக்கும். "கென்சாகு-சான், லாரி ஓட்டுறீங்களா, கடை போட்டிருக்கீங்களா?" என்று கேட்பேன். "சூடா ரெண்டு டன் இருக்கு, வேணுமா?" என்பார். ஆம், சிரியுங்கள். அவர் சிரிக்க வைப்பவர்தான்.

தொட்டி எழுவதற்கு எஞ்சின் ஒரு பம்பை ஓட்ட வேண்டும். அந்தப் பம்புக்குத் தனி லீவர். இறங்குவதற்குப் பம்பு வேண்டாம், தொட்டியின் கனமே போதும். ஆனால் நம் லாரியில் வால்வு தேய்ந்துபோயிருந்தது. மாற்று வால்வு எங்கும் கிடைக்கவில்லை. எச்சரிக்கை மணியும் ஊமையாகி வருடங்கள் ஆகிவிட்டன. பம்பை நிறுத்த மறந்து லாரியை ஓட்டினால், தொட்டி தானாக, சத்தமில்லாமல், மெல்ல எழும். இதற்கு அவர் என்ன செய்தார்? பம்பு லீவரை இழுத்ததும், தன் வலது கையுறையைக் கழற்றி அந்த லீவரின் தலையில் மாட்டிவிடுவார். நிறுத்திய பிறகுதான் கையுறையை எடுப்பார். கையுறை லீவரில் இருந்தால் பம்பு ஓடுகிறது. இல்லாவிட்டால் நின்றுவிட்டது. முப்பத்தொரு குளிர்காலத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. ஒற்றைக் கையுறையோடு மண்வெட்டி பிடித்து நிற்பவரைப் பார்த்து, "ஒரு கைக்கு மட்டும் கோடை காலமா?" என்று கேலி செய்தவள் நான். உங்களுக்கும் அந்தக் கேலி நினைவிருக்கும்.

இனி நான் சொல்வது உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன், ஜனவரி மாதம், பகல் பதினொரு மணி. ஆற்றங்கரையில் தொட்டியைத் தூக்கிப் பனியைக் கொட்டினார். மூலையில் ஒட்டியதைத் தட்டிவிட இறங்கி லாரியின் பின்னால் போனார். அணியோடு அங்கே பனி தள்ளிக்கொண்டிருந்த நான் ஓட்டுநர் அறைக்குள் ஏறினேன். லீவரில் இருந்த கையுறையை உருவி, இருக்கையில் கிடந்த அவருடைய கோட்டுப் பையில் திணித்தேன். அவர் தேடித் திண்டாடுவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை! அவர் ஏறினார். வெறும் லீவரைப் பார்த்தார். பையைத் தடவினார். கையுறை கிடைத்தது. போட்டுக்கொண்டார். தொட்டியை இறக்கினார். கிளம்பிவிட்டார். அவர் தேடக்கூட இல்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கேட்டீர்களா? ஏமாற்றம்!

இருநூறு மீட்டர் போவதற்குள் தொட்டி எழுந்து மின்கம்பியை அறுத்தது. மைனஸ் எட்டு டிகிரியில் நான்கு மணி நேரம் நாற்பத்து மூன்று வீடுகளிலும் ஹீட்டர் இல்லை. அன்று மாலை இதே கூடத்தில் கூடினீர்கள். தேநீர் ஊற்றியது நான்.

"பம்பை நிறுத்தலையா?" என்று கேட்டார் தொஷிமா-சான்.

"கையுறை பையில இருந்துச்சு. நான்தான் வச்சிருக்கணும். வச்சது ஞாபகம் இல்ல."

"கென்சாகு-சான், தப்பா நினைக்காதீங்க. எழுபத்தொண்ணு ஆச்சு. லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க. இன்னைக்குக் கம்பி, நாளைக்குக் குழந்தையா இருந்தா?"

அவர் தலை தரையில் படும்படி வணங்கினார். தேநீர்க் கெண்டி என் கையில் இருந்தது. வாய் என்னிடம்தான் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

மறுநாள் திறந்தேன். எதற்கு? "தொட்டி-சான்" என்று பெயர் வைக்க! ஆம், அந்தப் பட்டப்பெயர் என்னுடையது. பள்ளியில் தொடங்கியது, காய்கறிக் கடைவரை போனது. உங்களில் எத்தனை பேர் அவரை அப்படி அழைத்தீர்கள்? அவர் அதற்கும் சிரித்தார். லைசென்ஸைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, பேருந்தில் திரும்பி வந்து, அன்றும் லாரிக்கு கிரீஸ் வைத்தார். சாவியைத் தொஷிமா-சானிடம் கொடுத்தவர், வேலையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

போன இலையுதிர் காலத்தில் ஒருமுறை சொல்லிவிட வந்தேன். முட்டுக்கட்டை கொடுத்து, தொட்டிக்கு அடியில் இருந்தார்.

"கென்சாகு-சான், அன்னைக்கு அந்தக் கையுறை..."

"விடும்மா. டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். மூளை நல்லா இருக்காம்."

"நல்லதுதானே?"

"அதான் பயமா இருக்கு. மூளை கெட்டுப்போச்சுன்னா சரி, காரணம் இருக்கு. நல்லா இருக்குன்னா, அன்னைக்கு நான் எங்க போயிருந்தேன்?"

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொரொக்கே வாங்கப் போயிருப்பீங்க" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்!

நேற்று முன்தினம் ஃபுமியே-சான் வீட்டில், கென்சாகு-சானின் உடல் முன் ஊதுபத்தி ஏற்றினேன். ஃபுமியே-சான் சொன்னார்: "ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மூணு தடவை எழுந்து கேஸ் மூடியிருக்கான்னு பார்ப்பாரு. மூடியிருக்குன்னு நான் சொன்னாலும் நம்ப மாட்டாரு. ஆஸ்பத்திரியில நர்ஸ் பேரைக் கையில எழுதி வச்சுக்கிட்டாரு." ஒரு கம்பியை அறுத்தது மட்டும்தான் என் குற்றம் என்று நினைத்திருந்தேன். ஒரு மனிதர் தன் தலையை நம்பி வாழ்வதை அறுத்திருக்கிறேன். நிமோனியா அவரைக் கொண்டுபோன அந்த வாரம்வரை, தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு வாழ்ந்தார். இதற்கு என்னிடம் ஒரு வேடிக்கை வார்த்தையும் இல்லை.

ஃபுமியே-சான், மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதியில்லை. அதனால் கேட்கவில்லை. இந்த உண்மை இரண்டு வருடம் தாமதமாக வருகிறது. அதைக் கேட்க வேண்டியவர் சவப்பேழைக்குள் இருக்கும்போது வருகிறது. வெட்கத்தில் எனக்குக் காது எரிகிறது. எரியட்டும்.

தொஷிமா-சான், சங்கத்தின் ஆண்டறிக்கைப் புத்தகத்தில் அந்த ஜனவரிக்கு நேராக "ஓட்டுநரின் முதுமை மறதி" என்று ஒரு வரி இருக்கிறது. இன்றே அதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் என் பெயரை முழுதாக எழுதுங்கள். நாற்பத்து மூன்று வீட்டுக்கும் அதைச் சுற்றுக்கு விடுங்கள். வாசித்தேன் என்று வைக்கும் முத்திரையை யாரும் வாசிக்காமலே வைத்து அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடாதீர்கள்.

தோழர்களே! முதல் பனி விழ இன்னும் மூன்று வாரம்தான். எண்ணெய் அளவு பார்ப்பது, தண்டைத் துடைப்பது, கீல்களுக்கு கிரீஸ் வைப்பது, வீடு வீடாகப் பொரித்து மீந்த எண்ணெய் கேட்பது, எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன். என்னை நம்பி லாரியைத் தர வேண்டாம். ஒவ்வொரு முறையும் யாராவது என் பின்னால் வந்து சரிபாருங்கள். என்னைத்தான் சந்தேகப்பட வேண்டும். இத்தனை நாள் நீங்கள் தவறான ஆளைச் சந்தேகப்பட்டுவிட்டீர்கள்.

கென்சாகு-சான், அன்று நீங்கள் எங்கும் போகவில்லை. அங்கேதான் இருந்தீர்கள். நீங்கள் எதையும் மறக்கவில்லை.