மஞ்சத் துணி கட்டின வேப்பமரம்

ஐயோ அக்கா, சத்தம் போடாதீங்க லா. கோயில் வேலிய ஏறிக் குதிக்கல, சும்மா கேட்டத்தான் தட்டிப் பார்த்தேன். பின்னால ஃபிளாட்டுல இருக்கிற லோகன். யூனிவர்சிட்டி லேப்ல வேல. போன மாசம் இலை பறிக்கிறப்போ கமிட்டிக்காரங்க புடிச்சு ஏசினாங்களே, அந்த ஆளேதான். கையப் பாருங்க, இன்னிக்கு பையும் இல்ல, கத்திரியும் இல்ல.

இலை எதுக்கா? செம்பு செய்ய. சிரிக்காதீங்க. மயில்துத்தம் கரைச்ச நீலத் தண்ணில வேப்பிலைச் சாற ஊத்திச் சூடாக்கினா, பச்சையாகி அப்புறம் பழுப்பாயிடும். அதுக்குள்ள செம்பு பொடிப்பொடியா, கண்ணுக்கே தெரியாத சைஸ்ல நிக்கும். நானோன்னு சொல்லுவாங்க. மத்தவங்க இதுக்கு விஷ கெமிக்கல் போடுவாங்க, நான் இலையப் போடுறேன். கிருமியெல்லாம் செத்துப் போவும். பெயிண்ட்ல கலக்கலாம், செடிக்கு அடிக்கலாம், இனிப்புநீர், அதான் சக்கர வியாதி, அது இருக்கிறவங்க கால் புண்ணுக்குக் கட்டுத்துணில தடவலாம். அதுக்காகத்தான் ஆரம்பிச்சதே. என் சம்சாரம் புனிதாவுக்கும் இனிப்புநீர்தான். அவ என்ன சொல்லுவா தெரியுமா? ரசம் வைக்கத் தெரியாத மனுஷன், இலைத்தண்ணி காய்ச்சி ஊரக் காப்பாத்தப் போறாராம்.

மரத்துக்கு மரம் இலை மாறும், பொடியும் மாறிடும். எனக்கு இந்த மரமேதான் வேணும். அப்பப் பார்த்து, கார் பார்க் போட இத வெட்டப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். மனு குடுத்தேன், எவனும் கண்டுக்கல. இங்க ஒரு மரத்தக் காப்பாத்தணும்னா நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க, நீங்களே சொல்லுங்க.

ஆமா, அந்த மஞ்சத் துணிய நான்தான் கட்டினேன். புனிதாவோட பழைய மஞ்சச் சேலையக் கிழிச்சுச் சுத்தி, குங்குமத்த அப்பி விட்டேன். சாமியே கும்பிடாத ஆளு நான். பத்துமலைக் கோயிலுக்குப் போனாக்கூட படியேறாம கீழயே தோசை சாப்டுட்டுத் திரும்பிடுவேன்.

வெட்ட வந்தவங்க துணியப் பார்த்துட்டு லோரியத் திருப்பிட்டாங்க. என்னை விட்டா கெட்டிக்காரன் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். அடுத்த வாரமே சூலம் வந்துச்சு. அப்புறம் உண்டியல், வேலி, கமிட்டி. அம்மன் இலையத் தொடக்கூடாதுன்னு எனக்கே தடை. அன்னிக்கிலேர்ந்து லேப்ல பாத்திரம் கழுவிக்கிட்டு நிக்கிறேன்.

கோவப்படாதீங்க அக்கா. துணிதான் என்னோடது, அம்மன் இல்லன்னு நான் சொல்ல வரல. நான் செஞ்ச பொடி மட்டும் என்னத்தக் கிழிச்சிடுச்சு? லேப் தட்டுல இருக்கிற கிருமிதான் சாவுது. மனுஷன் புண்ணுல தடவ, எலிக்குத் தடவிப் பார்த்து, டாக்டருங்க பார்த்து, இன்னும் வருஷக்கணக்கா ஆவும். புண்ணு அதுவரைக்கும் சும்மா இருக்குமா?

கேட்டத் தொறந்து விடுங்க. இலைக்கு வரல. காலையில புனிதாவ கால் புண்ணு ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க. விரலோட போவுமா, முட்டிக்குக் கீழயே எடுக்கணுமான்னு தொறந்து பார்த்தாத்தான் தெரியுமாம். வெளியில நிக்க முடியல, பயமா இருந்துச்சு, வந்துட்டேன்.

செருப்ப அங்கேயே கழட்டிட்டேன் அக்கா. சுத்தி வந்துட்டுக் கும்பிடணுமா, கும்பிட்டுட்டுச் சுத்தணுமா? எனக்குத் தெரியாது, கொஞ்சம் சொல்லிக் குடுங்க.