வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ஒரு ஓட்டம்

ஆன்டின்னு கூப்புடாத கண்ணு, அத கேட்டா தான் எனக்கு காலு பின்னிக்குது. வழி நெடுக அந்த மஞ்ச தொப்பி போட்ட பசங்க கமான் ஆன்டி, கமான் ஆன்டின்னு கூவிகினே கீறானுங்க. பின்னால ஒரு பெரியவரு வராரு பாரு, எழுவது வயசுக்கு கொறையாது. அவர பாத்து எவனாச்சும் கமான் தாத்தான்னு சொன்னானா? அவருன்னா சூப்பர் சார். நா மட்டும் ஆன்டி. பவானிம்மான்னு கூப்புடு, போதும்.

நீ இன்னா அந்த பறப்பு பறந்த ஆரம்பத்துல? உன்ன புடிக்கிறதுக்குள்ள எனக்கு தாவு தீந்துபோச்சி. இப்ப பாரு, காலு இழுக்குது. நின்னுடாத, நின்னா புடிச்சிக்கும். மெதுவா என்கூடவே வா, பேசிகினே போலாம். பேசினா தூரம் தெரியாது.

இன்னும் எவ்ளோன்னா என்ன கேட்டா எப்டிம்மா? ஓட்டம் வச்சவருக்கே தெர்ல. எட்டாவது கிலோமீட்டர் போர்டு ரெண்டு தபா வந்துச்சே, பாத்தியா? மொதோ எட்டு அந்த சவுக்கு தோப்பாண்ட. ரெண்டாவது எட்டு புலிக்குகைய தாண்டி. நடுவுல நாம ஓடுனது யாரு கணக்குல போவுதோ.

சிரிக்காத, மூச்சு வாங்கும். மொதோ வருசம் இல்ல, அப்டி தான் இருக்கும். அந்த பல் டாக்டரு பாவம், ஆசைப்பட்டு இந்த ஓட்டத்த வச்சிட்டாரு. சீஃப் கெஸ்ட் வரல. நெம்மேலில நம்மள எல்லாம் இருட்டுல நிக்க வச்சிட்டு அந்த பொண்ணு மைக்க புடிச்சிகினு ஆட சொல்லுது, ஆடி ஆடியே பாதி பேரு தொவண்டுட்டாங்க. அப்பால துப்பாக்கி வெடிக்கலன்னு ஒரு லட்சுமி வெடிய கொளுத்தினாரு பாரு. நாய்ங்க தான் மொதோ ஓடுச்சி. அந்த கருப்பு நாயி மகாபலிபுரம் போயே சேந்துருக்கும், அதுக்கு தான் ஃபர்ஸ்ட் ப்ரைசு.

நல்ல கண்ணு உனக்கு. ஆமா, பனியன சைடுல புடிச்சி தச்சிகீறேன். எல்லாருக்கும் டபுள் எக்ஸல் பனியன குடுத்தா இன்னா பண்றது? நேத்து வாங்கினு வந்த கையோட மிஷின்ல குந்திட்டேன். உன்னுது பாரு, பின்னாடி பாய்மரம் மாதிரி ஊதிகினு போவுது. நீ ஓடுறியா, பனியன் உன்ன ஓட்டிகினு போவுதான்னு தெர்ல. நா ஜாக்கெட் தைக்கிற கடை வச்சிகீறேன், கூடுவாஞ்சேரில.

உனக்கும் அங்க ஆளு தெரியுமா? யாரு? பெரிய ஊரும்மா, யார தெரியுது இப்பல்லாம்.

தண்ணியா? கேட்டேனே. அந்த டேபிளாண்ட தண்ணி கீது, கப்பு தீந்துபோச்சின்னுட்டான். கைய குவிச்சி குடிச்சேன். வாழப்பழமாச்சும் குடுன்னேன். ஆடு துன்னுட்டுச்சாம். ஒரு சீப்பு இல்ல, ஒரு தாரு. ஒரு ஆடு எப்டிம்மா ஒரு தாரு துன்னும்? அந்த பையன் வாயெல்லாம் வாழப்பழ வாசன.

அந்த குப்பத்தாண்ட ஒரு அம்மா மீன் கூடைய இடுப்புல வச்சிகினு என் கூடவே கொஞ்ச தூரம் ஓடி வந்துச்சே, நீ முன்னாடி போய்கினு இருந்த, பாத்துருக்க மாட்ட. யாரு தொரத்துறாங்க, எதுக்கு இம்மாம் பேரு ஓடுறீங்கன்னு கேட்டுச்சி. சொம்மா ஓடுறோம்மான்னேன். எவ்ளோ டப்பு குடுப்பாங்கன்னுச்சி. நாம தான் கட்டணும்னேன். கூடைய எறக்கி வச்சிட்டு சிரிச்சிது பாரு, மெய்யாலுமே எனக்கு ரெண்டு கிலோமீட்டருக்கு அந்த சிரிப்பு தான் க்ளுகோஸ்.

நீ எங்க, முட்டுக்காடா? இன்னா வேல? பி.டி. டீச்சரா, அதான் பாத்தேன், கைய வீசுறதுலயே தெரியுது. எனக்கெல்லாம் யாரும் சொல்லித் தரல. சுகரு ஏறிப்போச்சின்னு டாக்டரு நடக்க சொன்னாரு. ஏரிக்கரைல நடந்துகினு இருந்தேன், ஒரு கூட்டம் என்ன தாண்டி ஓடுச்சி. பொறுக்கல. செருப்போட ஓடி அவங்கள தாண்டிட்டு வூட்டுக்கு வந்து மூணு நாளு படுத்துட்டேன். எங்க வூட்டுக்காரரு கங்காதரன், கண்ணாடிய மூக்குல எறக்கிகினு, இந்த வயசுல இன்னா பவானி இதெல்லாம், ஊரு இன்னா பேசும்னாரு. இப்ப அவரு தான் என் ஷூவ கழுவி வெயில்ல வைக்கிறாரு. ஊரு அதயும் தான் பேசுது.

ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. வூட்ல மாப்ள பாக்குறாங்களா?

அட. அந்த கூடுவாஞ்சேரி ஆளு அவரு தானா. அத சொல்ல தான் அப்ப இழுத்தியா. சரி சரி, முறைக்காத. பேரு இன்னா? எழில். நல்ல பேரு. சிறுசேரில வேலயா. ஆளு எப்டி? பரவால்லயா. பரவால்லன்னா இன்னா அர்த்தம், மூக்கு கொஞ்சம் பெருசா?

ஓ, அவரும் ஓடுவாரா. அப்ப ஏன் இன்னிக்கு வரல? கால் சுளுக்கா. எந்த காலு? தெர்லியா, கேக்கலியா நீ? கேட்டுருக்கணும் கண்ணு. ஒரு தபா வலது, ஒரு தபா இடதுன்னு சொல்றாரான்னு பாத்துருக்கலாம். சொம்மா சொன்னேன். வெள்ளிக்கிழமை தான் மொதோ தபா வூட்டுக்கு வராங்களா. ம்ம். அவங்க அம்மாவ பாத்துகீறியா? போட்டோல கூட இல்ல. சரி, போட்டோ எடுக்கறதே அந்தம்மாவா இருக்கும்.

எல்லாம் போன்லயே தானா? இதான்மா இந்த காலத்துல எனக்கு புரியல. அவரு ஓடுவாரு, நீயும் ஓடுவ, அது ஒன்னு போதுமா கட்டிக்க?

இன்னாது? ஒரு பதிலா? ஒரு பதில படிச்சிட்டா வூட்ல சரின்னு சொல்லிட்ட?

நில்லு. ஒரு நிமிசம் நில்லு. நின்னா புடிச்சிக்கும்னு நாந்தான் சொன்னேன், புடிச்சிகினா புடிச்சிக்கட்டும்.

நீ அவன இன்னா கேட்ட? கடைசில காலு கழண்டு போவுது பாரு, அப்ப மனசுல இன்னா நெனச்சிகினு ஓடுவீங்கன்னு கேட்ட. அதுக்கு அவன் இன்னா எழுதினான்? ட்ரெய்ன் நவுந்துடுச்சி, கடைசி பெட்டி கைக்கு எட்டுற தூரத்துல போவுது, அத வுட்டா இன்னிக்கு சம்பளம் இல்ல, அப்டி நெனச்சிகினு ஓடுவேன்னு எழுதினான். கரெக்டா?

அப்டி பாக்காத. அது கடைசி பெட்டி இல்ல கண்ணு. லேடீஸ் பெட்டி. நா லேடீஸ் பெட்டின்னு தான் சொன்னேன். அவன் தான் மாத்திகீறான்.

ஆமா. எழில் என் புள்ள.

நட அனு, நடந்துகினே கோவப்படு. நா இருபது வருசம் தாம்பரத்துல துணி கம்பெனில தச்சேன். சோறு பொங்கி, புள்ளைய எழுப்பி, ஸ்கூலுக்கு கட்டிக் குடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வந்தா தெனமும் ட்ரெய்ன் நவுந்துகினு தான் இருக்கும். லேட்டானா கம்பெனி கேட்ட மூடிடுவான், அன்னிக்கு கூலி போச்சி. டிபன் பைய மாருல அணைச்சிகினு ஓடுவேன். லேடீஸ் பெட்டில இருந்து யாராச்சும் கைய நீட்டுவாங்க. அத தான்மா சொன்னேன். அவன் சோபாவுல படுத்துகினு கேட்டான், அம்மா, கடைசில இன்னா நெனப்பன்னு. நா ஜாக்கெட்டுக்கு கொக்கி வச்சிகினே சொன்னேன். உனக்கு அனுப்ப தான் கேக்குறான்னு அப்ப தெரியாது.

அப்பால தெரிஞ்சிது. தெரிஞ்சப்பறமும் சொன்னேன், அதயும் ஒத்துக்கிறேன். காலைல இன்னா துன்னுட்டு ஓடுவீங்கன்னு கேட்டியே, கேழ்வரகு கூழு, அது நானு. மழைல ஓடலாமான்னு கேட்டதுக்கு, ஓடலாம், ஆனா தலைய தொவட்டலன்னா அம்மா திட்டும்னு போட்டானே, அதுவும் நாந்தான். ராத்திரி குட் நைட் சொல்லி பூ பொம்ம போடறது மட்டும் அவன். அதுல எனக்கு சம்மந்தமே இல்ல.

எப்டி ஆரம்பிச்சிதுன்னா, செல்லம்மான்னு எங்க தெருவுல ஒரு அக்கா, அது தான் உங்க வூட்டுக்கு ஜாதகம் குடுத்தது. எங்க வாசல்ல கலர் கலரா ஷூ கெடக்கறத பாத்துட்டு பையன் நல்லா ஓடுவான்னு எழுதிடுச்சி. பொம்பளைங்க ஷூவா இருக்கும்னு அதுக்கு தோணவே இல்ல. நீ அத படிச்சிட்டு, ஓடுவீங்களாமேன்னு மொதோ மெசேஜ் போட்ட. அவன் உன் போட்டோவ பாத்துகினே ஆமான்னு தட்டிட்டான். ஒரு ஆமா தான். அதுக்கப்பறம் அந்த ஆமாவ காப்பாத்தறதே பேஜாரா பூடிச்சி.

நீயே உண்மைய சொல்லிடுடான்னு தெனம் சொல்றேன். நாளைக்கு, நாளைக்குன்றான். வெள்ளிக்கிழமை வேற வந்துகினு கீது. நீ இந்த ஓட்டத்துல வரேன்னு அவனுக்கு எழுதினியா, நானும் பேரு குடுத்துட்டேன். உன் பனியன்ல குத்திகீற அந்த ஓட்ட நம்பர கேட்டு வாங்க சொன்னதும் நாந்தான். வராதவரு எதுக்கு நம்பர கேக்கறாருன்னு உனக்கு தோணிருக்கணும்.

உன்ன பாக்கணும், அவ்ளோ தான். புடிக்காம போயிருந்தா ஒன்னியும் சொல்லாம உன்ன தாண்டி ஓடிட்டு இருப்பேன். வெள்ளிக்கிழமை யாருக்காச்சும் வயித்து வலி வந்துருக்கும். ஆனா நீ ஒரு பதிலுக்காக சரின்னு சொல்லிட்டேன்ற. அந்த பதிலு என்னுதுமா. உன்ன கட்டிக்க போறது நா இல்லியே.

சிரிக்கிறியா, அழுவுறியா? வேர்வைல தெர்ல எனக்கு. சிரிப்பு தானா. சரி.

அவனுக்கு இன்னா தான் தெரியும்னு கேக்குறியா? நாயமான கேள்வி. ஸ்டேஷன் மேம்பாலம் ஏற ரெண்டு தபா நிப்பான். ஓட்டம் சுத்தமா வராது. ஆனா நா ஓடுற எந்த ஓட்டத்துக்கும் எனக்கு முன்னாடி எழுந்து வண்டிய தொடச்சி வச்சிகினு நிப்பான். ஒரு தபா செங்கல்பட்டுல ரொம்ப லேட்டு பண்ணிட்டேன். எல்லாரும் நாஸ்தா துன்னுட்டு கெளம்பிட்டாங்க, முடியற எடத்துல கட்டின அந்த வளைவ பிரிக்க ஆளு வந்துட்டாங்க. இவன் அந்த கம்பிய கெட்டியா கட்டிப் புடிச்சிகினு நின்னுட்டான். எங்கம்மா இன்னும் வரல, வந்தப்பறம் பிரிங்கன்னு. அவங்க திட்றாங்க, இவன் வுடல. நா வரப்போ அந்த வளைவு ஒரு பக்கம் சாஞ்சி கீது, இன்னொரு பக்கத்த இவன் புடிச்சிகினு கீறான். குனிஞ்சி அதுக்குள்ளாற பூந்து தான் முடிச்சேன். அது ஒன்னு தான் அவன பத்தி என்னால சொல்ல முடியும். அத அவன் உனக்கு எழுதல பாரு.

வா, கொஞ்சம் ஓடலாம். மைக்கு சத்தம் கேக்குது. அதோ கிரவுண்டு, அதோ வளைவு.

வூட்லயா? இல்லியே, யாரு சொன்னா அவன் வூட்ல கீறான்னு? என்ன வண்டில இட்டுகினு வந்ததே அவன் தானே. உன் கூட பேசப் போறேன்னு அவனுக்கு தெரியாது. நீ பாத்துட்டா இன்னா பண்றதுன்னு காத்தால இருந்து நடுங்கிகினு கீறான். அந்த வளைவுக்கு இந்தாண்ட பாரு. வெயில்ல அவனவன் சட்டைய கழட்டினு நிக்கிறான், ஒருத்தன் மட்டும் ஹெல்மெட்ட கழட்டாம நிக்கிறான் பாரு, கையில தண்ணி பாட்டிலு. அவன் தான்.

ஏய் அனு, மெதுவா. காலு இழுக்குதுன்ன, இந்த வேகத்த எங்க வச்சிருந்த இவ்ளோ நேரம்?

பாத்துட்டான். அய்ய, திரும்பிட்டான். எங்க போறான் அவன், வெளிய போற வழிய வுட்டு வளைவுக்குள்ளாற பூந்துட்டான். ஓடுறான்மா. எழிலு ஓடுறான். அனு, வுடாத, புடிச்சிடு, ஹெல்மெட்ட கழட்டு மொதோ.

தே, இவனுங்கள பாரு. அவன் கழுத்துல மெடல போட்டுட்டானுங்க.

தம்பி, ஏ மஞ்ச தொப்பி, எனக்கு ஒன்னு மிச்சம் வைங்கடா.