முட்டை காத்த மீசைக் கெளுத்தி

மீசைக் கெளுத்தி ஐந்து அங்குலத்துக்கு மேல் வளராது, இன்ஸ்பெக்டர் அம்மா. வீட்டில் மீன் தொட்டி வைக்க நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏமாந்தால் கடைக்காரர் சாதாரண சக்கர் மீனைத் தலையில் கட்டிவிடுவார். அது ஓரடிக்கு மேல் வளர்ந்து தொட்டியையே திணறடிக்கும். நான் ஏமாறவில்லை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன். விசாரிக்காமல் எதையும் வீட்டுக்குள் விட மாட்டேன்.

காளியண்ணனாகிய நான் நடந்ததை என் கையாலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். மீனில் தொடங்கினால்தான் உங்களுக்கு என் நியாயம் புரியும்.

என் மனைவி வசந்தாமணி காலமானபோது மகள் மைதிலிக்கு இருபத்துமூன்று வயது. பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. வீடு வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று சேலம் போய்த் தொட்டியும் ஒரு ஜோடி மீசைக் கெளுத்தியும் வாங்கி வந்தாள். ஆணுக்கு மூக்கெல்லாம் முள்முள்ளாக மீசை. பெண்ணுக்கு மூக்கு மழமழவென்று இருக்கும். போர் போடும் ரிக் வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய குழாய்த் துண்டு ஒன்றை உள்ளே போட்டோம். ஒரு வருடம் கழித்து ஆண் மீன் அதில் குடியேறியது. பெண் மீன் உள்ளே போய் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக் கொத்தை ஒட்டி வைத்ததும், ஆண் அதை வெளியே விரட்டிவிட்டது. பிறகு குழாய் வாசலை அடைத்துக்கொண்டு, இரைகூட எடுக்காமல், துடுப்பால் முட்டைகளுக்கு விசிறியபடியே கிடந்தது. பொரிந்த குஞ்சுகளையும் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு கரையும்வரை காவலில் வைத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தகப்பன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

மைதிலி எல்லாவற்றையும் நாள் தவறாமல் ஒரு நோட்டில் குறித்து வைப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் வரன்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்த பையன் தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தான். அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று பெயர் போடாமல் அவர்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இடது கையால் எழுதினேன். ஓமலூர் வரை போய்த் தபாலில் சேர்த்துவிட்டு, திரும்பும்போது மீனுக்கு வெள்ளரிக்காய் வாங்கி வந்தேன். நம் பக்கம் மொட்டைக் கடுதாசிக்கு இருக்கும் மரியாதை ஜாதகத்துக்குக்கூடக் கிடையாது. அவர்கள் மறுபடி வரவில்லை.

நான்காவது வரனும் நின்றுபோனதும் சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். என் மைத்துனர் மகன் குணசீலன் மைதிலியைக் கேட்டு நான் மறுத்திருந்தேன். முறைப்பையனின் வயிற்றெரிச்சல்தான் இது என்று முடிவாயிற்று. அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள்.

"நானில்லீங்க மாமா. நீங்களாச்சும் நம்புங்க" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

சூடத் தட்டைப் பிடித்திருந்தவன் நான். தட்டு ஆடவில்லை. சத்தியம் செய்தும் ஊர் அவனை நம்பவில்லை. ரிக் வண்டியேறி வடக்கே போனவன் தன் அப்பா சாவுக்குத்தான் திரும்பினான். நல்ல பையன். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் புளித்துவிடும். ஏழாவது கடிதத்தில், கல்லூரியில் படிக்கும்போது கருவைக் கலைத்தவள் என்று எழுத வேண்டியதாயிற்று. எழுதும்போது மனம் பதறத்தான் செய்தது, பெற்றவன் அல்லவா. அன்று அவளுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோற்றை நானே ஆக்கி வைத்தேன்.

மைதிலிக்கு இப்போது முப்பத்துநாலு. போன வாரம் மல்லசமுத்திரத்து மாப்பிள்ளையின் அப்பா சின்னண்ணன், பதினோராவது கடிதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இத நம்பற ஆளுக நாங்க இல்லீங்க. ஆனா எழுதுனவன உட்டறக் கூடாது. தெரிஞ்ச எழுத்தான்னு நீயே பாரு சாமி" என்று அவளிடம் நீட்டினார்.

அவள் அதைத் தொட்டி விளக்கின் முன்னால் சாய்த்துப் பிடித்துப் படித்தாள். தாளில் மையில்லாத வேறு எழுத்தும் பதிந்திருந்தது. 'முட்டை, ஐந்தாம் நாள், இரண்டில் பூசணம்.' அவள் கையெழுத்து. நோட்டில் அவள் எழுதிய பக்கத்துக்கு அடுத்த தாளை அவசரத்தில் கிழித்திருக்கிறேன்.

"ஏனுங்கப்பா, இது நம்ம மீன் நோட்டுங்களா?"

"ஆமாஞ் சாமி" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

அவள் அழவில்லை. சின்னண்ணனிடம், "கண்ணாலத்துக்குத் தேதி வெச்சுருங்க மாமா" என்றாள். இரண்டு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை.

பதினொரு கடிதங்களும் நான் எழுதியவை. யாரும் தூண்டவில்லை. குணசீலனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். என்மேல் வந்த புகாரில் மைதிலியின் கையெழுத்து இருப்பதாகக் காட்டினீர்கள். என் பெண் தானாக அப்படியெல்லாம் எழுதக்கூடியவள் அல்ல. எங்கள் குடும்பம் நன்றாயிருப்பது பொறுக்காத யாரோதான் எழுதியிருக்க வேண்டும். அது யாரென்று நீங்கள்தான் கண்டுபிடித்துத் தர வேண்டும்.